சக்கர நாற்காலியுடன் முடிந்துபோகும் மறுவாழ்வு: பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் நடை எங்கே தொலைகிறது?

ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் 3ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி வடக்கிலும் கிழக்கிலும் பிரதேச செயலகங்களில் நிகழ்வுகள் நடக்கும். மங்கள விளக்கேற்றல், அதிதிகள் உரை, கலை நிகழ்ச்சி, அதன் பின்னர் சக்கர நாற்காலிகளும் உலர் உணவுப் பொதிகளும் வழங்கல். மறுநாள் படங்கள் வெளிவரும். கொடுப்பவர்களின் நல்ல மனதில் சந்தேகமில்லை. எனினும் அந்தப் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பெரியவர்களுக்கான நாற்காலியில், கால் மிதிபலகைக்கு எட்டாமல், ஒரு பக்கம் சரிந்தபடி நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருத்தப்பட்டிருக்கும்.

அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெருமூளை வாதம் இருக்கும். ஆங்கிலப் பெயரின் வழியில் 'செரிபரல் போல்சி' என்றும், சுருக்கமாக 'சீபி' என்றும் கிளினிக்குகளில் சொல்வார்கள். அந்தப் பிள்ளை நடக்கக்கூடியதா, அதற்கு எவராவது முயன்று பார்த்தார்களா, அந்த முயற்சிக்கான வயது இன்னும் மிச்சமிருக்கிறதா என்று மேடையில் எவரும் கேட்பதில்லை. நாற்காலி கொடுக்கப்பட்டதும் மறுவாழ்வு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கால் இழந்தவர்களுக்காக உருவான சேவை

நம்மிடம் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. யுத்தத்தில் கண்ணிவெடிக்கும் எறிகணைக்கும் கால்களைப் பறிகொடுத்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துவதே அதன் முதல் பொருளாக இருந்தது. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனமும், வன்னியில் இயங்கிய வெண்புறாவும் ஆயிரக்கணக்கானோரை மீண்டும் எழுந்து நிற்க வைத்த காலம் அது. அந்தப் பணியின் பெறுமதியை இந்தப் பத்தியை வாசிக்கும் பலர் தமது வீட்டிலேயே கண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த அனுபவம் நம் மனதில் ஒரு கணக்கையும் விதைத்துவிட்டது. அளவெடுப்பார்கள், கால் செய்வார்கள், பொருத்துவார்கள், சில வாரப் பயிற்சி, பிறகு நடை. ஒரு பொருள் கிடைத்தால் நடை கிடைக்கும் என்ற கணக்கு அது. வளர்ந்த ஒருவருக்கு இது பெருமளவு சரி. அவருக்கு நடை ஏற்கெனவே தெரியும், அவரது மூளையில் அது பதிந்திருக்கிறது. காணாமல் போனது கால் மட்டுமே.

பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். கால்கள் இரண்டும் இருக்கின்றன. அவற்றை இயக்கவேண்டிய மூளையின் பகுதி கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்து சிறிது காலத்திலோ பாதிக்கப்பட்டிருக்கிறது. குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது ஒட்சிசன் தடைப்படுதல், மூளையைத் தாக்கும் கிருமித்தொற்று, உரிய நேரத்தில் கவனிக்கப்படாத கடும் மஞ்சள்காமாலை என்று காரணங்கள் பல. கிரகணமும் செய்வினையும் தாயின் முன்வினையும் அவற்றில் இல்லை. மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளடைவில் கூடுவதில்லை. ஆனால் அதன் விளைவாகத் தசைகள் இறுகும், மூட்டுகள் மடங்கும், எலும்புகள் விலகும். பிள்ளை வளர வளரப் பிரச்சினையும் வளர்வது அதனால்தான்.

ஆகவே இந்தப் பிள்ளை இழந்த நடையை மீட்கவில்லை. தெரியாத ஒரு வேலையை முதன்முதலாகப் பழகுகிறது. அதற்குப் பொருளை விட அதிகமாகத் தேவைப்படுவது காலமும் தொடர்ச்சியும்.

ஐந்து வயதுக்கு முன்

பெருமூளை வாதமுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இல்லை. 1997இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர்களின் இயக்க ஆற்றலை ஐந்து படிநிலைகளாக வகுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் பயன்படுவது அந்த வகுப்பு முறைதான். முதல் நிலையில் உள்ள பிள்ளை நடக்கும், ஓடும், சமநிலையில் மட்டும் தடுமாறும். இரண்டாம் நிலையில் நடை உண்டு, படியேறக் கைபிடி வேண்டும், தூரம் நடக்கச் சிரமம். மூன்றாம் நிலையில் ஊன்றுகோலோ நடைச்சட்டமோ பிடித்து நடக்கும், தூரத்துக்கு நாற்காலி வேண்டும். நான்காம் நிலையில் பெரும்பாலும் நாற்காலியில்தான் நடமாட்டம். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதற்கே உதவி தேவை.

இதே ஆய்வாளர்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2002இல் வெளியிட்ட முடிவு, ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. முதலாம் நிலையில் உள்ள பிள்ளை, தான் அடையக்கூடிய உடலியக்க ஆற்றலின் 90 சதவீதத்தை ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுகிறது. ஐந்தாம் நிலையில் உள்ள பிள்ளைக்கு அந்த எல்லை மூன்று வயதுக்கும் முன்னரே வந்துவிடுகிறது. ஐந்து வயதுக்குப் பின் முயற்சி வீண் என்பது இதன் பொருளல்ல. பெற்றதைத் தக்கவைப்பதற்கும், சுருங்கும் தசைகளைத் தடுப்பதற்கும் அதன் பின்னரும் பயிற்சி வேண்டும். ஆனால் பெரிய பாய்ச்சல் நடக்கும் காலம் முன்பள்ளி முடிவதற்குள் கழிந்துவிடுகிறது.

நமது ஊர்களில் அந்த ஐந்து வருடம் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். 'ஆம்பிளைப் பிள்ளை, கொஞ்சம் பிந்தித்தான் நடப்பான்' என்பதில் முதல் வருடம் போகும். எண்ணெய் தடவலிலும் நேர்த்தியிலும் அடுத்த வருடம் போகும். யாழ்ப்பாணமா, கொழும்பா, இந்தியாவா என்ற அலைச்சலில் இன்னும் இரண்டு வருடம். காணி ஈடு வைத்து, நகை விற்று, நிரூபிக்கப்படாத சிகிச்சைகளுக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு. கடைசியில் பாடசாலையில் சேர்க்கும் வயது வரும்போதுதான் பிள்ளை நடக்கவில்லை என்பது குடும்பத்துக்கு வெளியே ஒரு விடயமாகிறது.

இத்தனைக்கும் அறிகுறிகள் முதல் வருடத்திலேயே தெரியும். நான்கு மாதத்துக்குப் பின்னும் தலை நிற்காமை, கை எப்போதும் பொத்தியபடி இருத்தல், ஒன்பது மாதமாகியும் தானாக உட்காராமை, ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்தல், தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் குறுக்காகப் போதல் ஆகியவை அவற்றுட் சில. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த மாதங்களைப் பிரசவத் திகதி எப்போது குறிக்கப்பட்டிருந்ததோ அன்றிலிருந்து கணக்கிட வேண்டும்.

இலங்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கொடுக்கப்படுகிறது. அதில் நிறைக் கோட்டுடன் வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். அயல்நாடுகள் பலவற்றில் இல்லாத வாய்ப்பு இது. நிறை குறைந்தால் உடனே கேள்வி எழுகிறது. உட்காரவில்லை என்றால் 'அடுத்த மாதம் பார்ப்பம்' என்று தள்ளிப்போகிறது. தவறவிடும் முதல் இடம் இதுதான்.

ஆறு மணித்தியாலமும் 182 மணித்தியாலமும்

ஒரு எளிய கணக்கு. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுவதற்கும் கிடைப்பது ஆறு மணித்தியாலம். அதே அரை மணித்தியாலம் வீட்டில் தினமும் நடந்தால் வருடத்துக்கு 182 மணித்தியாலம். நடை எங்கே பழகப்படுகிறது என்பதற்கு இதை விட வேறு விளக்கம் தேவையில்லை.

அவுஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவக்கும் அவரது குழுவினரும் 2013இலும் 2020இலும் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, போக்குவரத்துச் சமிக்ஞை போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டினார்கள். பச்சை பெற்றவற்றில் முக்கியமானது, பிள்ளை தானே முயன்று செய்யும், ஒரு குறிப்பிட்ட இலக்கை நோக்கிய பயிற்சி. பிறர் பிடித்துக் கையையும் காலையும் மடக்கி நீட்டுவதால் மட்டும் பிள்ளை நடக்கப் பழகாது. நடப்பதற்கு நடந்துதான் பழக வேண்டும்.

இதற்கு விலைகூடிய இயந்திரங்கள் அவசியமில்லை. சிறிய முக்காலியில் இருந்து எழுந்து நிற்பது, கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது, பாரம் வைத்த பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு முற்றத்தைக் கடப்பது, மூங்கிலாலோ குழாயாலோ இருபுறமும் கைபிடி கட்டி அதனிடையே நடப்பது எல்லாம் பயிற்சிதான். 1987இல் டேவிட் வேர்னர் எழுதி வெளியான 'ஊனமுற்ற கிராமத்துச் சிறுவர்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலக் கைநூல், மெக்சிக்கோவின் மலைக்கிராம அனுபவத்தில் இருந்து இப்படியான நூற்றுக்கணக்கான உபகரணங்களை வரைந்து காட்டியது.

இலக்கும் பிள்ளைக்கு விளங்குவதாக இருக்கவேண்டும். 'பத்து அடி நட' என்பதை விட, 'கோழிக்குத் தீன் போட வா' என்பது வேலை செய்யும்.

ஆனால் எந்தப் பயிற்சி, எந்தக் காலுக்கு, எவ்வளவு என்பதைத் தாய் தானாக ஊகிக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் என்று பரவலாக அழைக்கப்படும் இயன்மருத்துவர் பார்த்துத் திட்டம் தரவேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து மாற்றவேண்டும். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்குக் கணுக்கால் தாங்கி செய்யவேண்டும். பிள்ளை வளர்வதால் ஒரு தாங்கி பொதுவாக ஒரு வருடத்தைத் தாண்டி அளவாக இருப்பதில்லை. அளவு தப்பிய தாங்கி தோலை உரசிப் புண்ணாக்கும், பிள்ளை போடமாட்டேன் என்று அழும், அது அலுமாரிக்குள் போய்விடும். தசை இறுக்கத்தைத் தளர்த்தப் போடும் போட்டுலினம் ஊசியின் பலனும் சில மாதங்களே. அந்த மாதங்களில் தீவிரமாகப் பயிற்சி நடக்காவிட்டால் ஊசி போட்டதில் பெரிதாகப் பயனில்லை. சத்திரசிகிச்சைக்கும் அப்படித்தான். தசைநாரை நீட்டிவிடும் வேலையை வைத்தியர் ஒரே நாளில் முடித்துவிடலாம். அதை நடையாக மாற்ற ஏறத்தாழ ஒரு வருடப் பயிற்சி வேண்டும்.

தூரம் என்னும் நோய்

இந்த இடத்தில் பிரச்சினை மருத்துவத்தில் இருந்து அரசியலுக்கு வருகிறது. முல்லைத்தீவு நகரில் இருந்து யாழ் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொன்னால் வருடத்துக்கு 104 பயணங்கள். விறைத்த கால்களுடன் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து எந்தத் தாய் அதைச் செய்ய முடியும்? கணவனை யுத்தத்தில் இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட உறவைத் தேடும் குடும்பங்களில் அம்மம்மாவும் பேரப்பிள்ளையுமாகவே இந்தப் பயணம் நடக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது, பல பிள்ளைகளின் பயிற்சியும் அத்துடன் நின்றது. கிளினிக்குக்கு வராத தாயைப் பார்த்துப் 'பொறுப்பில்லை' என்று சொல்வது எளிது. அவர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும்.

இலவச சுகாதாரம் என்பது வைத்தியசாலை வாசலில் தொடங்குகிறது. வாசல் வரை வரும் செலவு குடும்பத்தினுடையது.

இதில் நிர்வாகச் சிக்கலும் உண்டு. போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழ். மாவட்ட, பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு வேறொரு நிர்வாகத்தின் கீழ். பாடசாலை கல்வித் திணைக்களத்தின் கீழ். பிள்ளை ஒன்று, கோப்பு நான்கு. இவற்றை ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்கக்கூடிய வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் தள்ளிப்போடப்பட்டே வந்தது. அதிகாரப் பகிர்வு பற்றிய நமது வாதங்களில் காணியும் பொலிசும் பேசப்படும் அளவுக்கு இயன்மருத்துவர் நியமனம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டிய விடயம் அது.

நம்பிக்கை தரும் ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் நிதியுதவியுடன் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் அமைக்கப்பட்ட மறுவாழ்வுப் பிரிவு 2024இல் திறந்து வைக்கப்பட்டது. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம் அது. வன்னியின் நான்கு பக்கமும் இருந்து வரக்கூடிய மையம். கட்டடம் திறக்கப்பட்ட நாளை விட, அங்கே பிள்ளைகளுக்கென்று எத்தனை இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தாங்கி செய்பவர் நிரந்தரமாக இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மாதத்தில் சில நாட்களாவது மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் போகிறார்கள் என்பதே முக்கியம். நூறு பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வருவதை விட ஒரு சிகிச்சையாளர் பத்து ஊருக்குப் போவது மலிவு.

நடக்காத பிள்ளைக்கும் உரிமை உண்டு

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் நடக்கப்போவதில்லை. இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் பிள்ளை பிற்காலத்தில் நடப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். நான்காம், ஐந்தாம் நிலைகளில் உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இதைப் பெற்றோருக்கு நேர்மையாக, அன்பாகச் சொல்ல ஒருவர் வேண்டும். சொல்லாமல் விடுவதால் வருடக்கணக்கில் 'நடந்திடுவான்' என்ற எதிர்பார்ப்பில் குடும்பம் தேய்கிறது. பிள்ளையும் தான் தோற்றுக்கொண்டே இருப்பதாக உணர்கிறது.

நடை இல்லை என்றால் பயிற்சி இல்லை என்றாகாது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. மெல்போர்னில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் முதலாம் நிலைப் பிள்ளைகள் எவருக்கும் அது ஏற்படவில்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதமானோருக்கு ஏற்பட்டிருந்தது. விலகிய இடுப்பு பின்னாளில் தாங்கமுடியாத வலி தரும், உட்காரவும் விடாது. 1994இல் தெற்கு சுவீடனில் இந்தப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, குறித்த இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முன்னர் 9 சதவீதமாக இருந்த முழுமையான இடுப்பு விலகல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எக்ஸ்ரே இயந்திரம் நமது மாவட்ட வைத்தியசாலைகளிலும் இருக்கிறது. வேண்டியது பதிவேடும் திகதியும்.

சக்கர நாற்காலியும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே இதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. பயனாளியை அளந்து, பொருத்தி, பாவிக்கப் பழக்கி, பின்னர் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அளவான நாற்காலியில் நிமிர்ந்து இருக்கும் பிள்ளை கையால் எட்டிப் பிடிக்கும், இருமாமல் விழுங்கும், வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும். அளவில்லாத நாற்காலி முதுகெலும்பை வளைக்கும்.

பாடசாலையும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இத்தனை கடதாசிகளுக்கும் பின்னர், வகுப்பறை வாசலில் உள்ள இரண்டு படிகளும் கைபிடி இல்லாத மலசலகூடமும் ஒரு பிள்ளையை வீட்டிலேயே இருத்திவிடுகின்றன. கோவில்களிலும் ஒரு சிறு புரிதல் வேண்டும். கணுக்கால் தாங்கி பாதணி அல்ல, அது பிள்ளையின் காலின் பகுதி. அதைக் கழற்றிவிட்டு வா என்று வாசலில் சொன்னால், நடந்து வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டி வரும்.

கொடுப்பவர்களும் கேட்பவர்களும்

செய்யவேண்டியவை புதியவை அல்ல. வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு படி தவறினால் காத்திருக்காமல் அனுப்புவது, மாவட்டத்துக்கு ஒரு பதிவேடு, பிரதேச வைத்தியசாலைகளில் மாதாந்தக் கிளினிக், இடுப்பு எக்ஸ்ரேக்கு ஒரு அட்டவணை, வருடாந்தம் தாங்கி மாற்றம் ஆகியவை போதும் ஒரு தொடக்கத்துக்கு. அத்துடன் தாய்மார் குழுக்கள். தென்னாபிரிக்காவில் உருவாகி, பங்களாதேஷ் கிராமங்களில் பரீட்சிக்கப்பட்ட பயிற்சி முறையொன்றில், ஒரே ஊர்ப் பெற்றோர் கூடி உட்காரவைப்பது, உணவூட்டுவது, நிற்கவைப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்கிறார்கள். அரிசி ஆலைக் கூலியையும் பிள்ளையின் பயிற்சியையும் எப்படிச் சமாளிப்பது என்று இன்னொரு தாயிடம்தான் கேட்க முடியும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். நாற்காலி வாங்கிக் கொடுப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைக் கொடுக்கும் முன் ஒரு சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்த்தாரா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையின் மூன்று வருடப் பயணச் செலவை, அல்லது வருடத்துக்கு ஒரு தாங்கியை, அல்லது ஒரு பிரதேசத்துக்குச் சென்றுவரும் சிகிச்சையாளரின் எரிபொருளைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் படம் எடுக்க முடியாது. நாடாவெட்டவும் முடியாது. ஆனால் நடை அங்கிருந்துதான் வருகிறது.

வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுதான். இந்தப் பிரதேசத்தில் உட்காராத பத்து மாதக் குழந்தை ஒன்று இன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதன் முதல் பயிற்சி எத்தனை நாளில், எத்தனை கிலோமீற்றருக்குள் தொடங்கும்? பதில் இல்லாதவர்கள் அறிந்துகொள்ளட்டும், அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதாக இன்னும் நான்கு வருடம் இரண்டு மாதமே இருக்கிறது.